எடுத்த இடத்தில் வைத்த கள்ளி

1

இந்தக் கதை ஒரு அறிவிப்புப் பலகையிலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் மலைப்பாதை தொடங்கும் இடத்தில் வைக்க வேண்டும் என்று வனத்துறை ஆள் ஒருவர் என்னிடம் பத்து வரி கேட்டார். ஒரு பக்கம் எங்கள் வாலில்லாக் குரங்கு, இன்னொரு பக்கம் எங்கள் கள்ளி. இரண்டையும் ஒப்பிட வேண்டும், பள்ளிப் பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும், யாரையும் பயமுறுத்தக் கூடாது. முப்பது வருடம் இயற்கைப் பாடம் நடத்தியவள் என்பதால் என்னைத் தேடி வந்திருந்தார். பத்து வரிதானே, ஊற்றிய தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிடலாம் என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லி அனுப்பினேன். நாலு வாரம் ஆகிறது.

தாளின் நடுவே ஒரு கோடு இழுத்தேன்.

குரங்கு: வருடா வருடம் குறைந்துகொண்டே வருகிறது. கள்ளி: இப்போதைக்குக் குறையவில்லை.

குரங்கு: குளிர் வந்தால் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு உருண்டையாக உட்காரும். கள்ளி: அதுவும் அப்படித்தான். நூற்றுக்கணக்கான சதுரத் தண்டுகள் நெருக்கியடித்துக்கொண்டு, தூரத்திலிருந்து பார்த்தால் சரிவில் மந்தை படுத்திருப்பதுபோல் இருக்கும்.

குரங்கு: குட்டிக்குப் பால் கொடுக்கும். கள்ளி: வெட்டினால் பால் வரும். பட்ட இடம் வெந்துபோகும்.

குரங்கு: குட்டி செத்துப்போனாலும் பல நாள் தூக்கிக்கொண்டு திரியும். கள்ளி:

இந்த இடத்தில் எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. தலையைத் தூக்கி ஜன்னல் வழியாக எதிர்ச் சரிவைப் பார்த்தேன். பாறையின் மேல் ஒரு பெண் குரங்கு உட்கார்ந்திருந்தது. அதன் மடியில் குட்டி இருந்தது. குட்டி பச்சையாக இருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன். அது ஒரு சாண் நீளக் கள்ளித் துண்டு. குரங்கு அதற்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது.

பலகை அங்கேயே நின்றுவிட்டது.*

* ஊர்ப் பெயரை எழுத மாட்டேன். அஸிலால் என்ற சிறு நகரத்திலிருந்து வண்டி ஏறி, தார்ச்சாலை முடிகிற இடத்தில் இறங்கி நடக்க வேண்டும் என்பதுவரை சொல்லலாம். குரங்குக் குட்டி வாங்க வருகிற ஆட்களுக்கும் படிக்கத் தெரியும்.

2

தொடக்கம் மூன்று எழுதிப் பார்த்தேன். மூன்றையும் இங்கேயே விட்டுவைக்கிறேன். நான் சும்மா இருக்கவில்லை என்பதற்கு அவைதான் சாட்சி.

முதலாவது: "மே மாதத்தின் ஒரு காலையில் ஹத்தூ என்ற தேனீக்காரன் மலையேறினான்." (பள்ளிக் கட்டுரை.)

இரண்டாவது: "ஈத்தோவின் குழந்தை அழுவதை நிறுத்திய நாளில்—" (இதை இப்போதே சொன்னால் நீங்கள் என்னை முறைப்பீர்கள். காரணம் ஏழாவது பகுதியில் இருக்கிறது. தாவிப் போய்ப் படிக்காதீர்கள்.)

மூன்றாவது: "எடுத்த இடத்தை வெறுமையாக விடக்கூடாது."

மூன்றாவதுதான் சரி. ஏனென்றால் இது எங்கள் ஊர் வழக்கம், இது தெரியாமல் கதை ஒரு அடியும் நகராது. பாறை இடுக்கில் காட்டுத்தேன் எடுக்கிறவன் அடையை அறுத்ததும், அந்த ஓட்டையில் ஒரு துண்டுக் கள்ளியை ஒடித்து வைத்துவிட்டுத்தான் இறங்குவான். வைக்காவிட்டால் தேனீக்கள் இடத்தைவிட்டுப் போய்விடும் என்பார்கள். தேனுக்கு மட்டும் என்று தொடங்கியது மெல்ல எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. அடுத்தவர் வேலிக் கல்லைக் கடன் வாங்கினால் கள்ளி வைப்போம். வைத்தவர் எடுத்ததைத் திருப்பித் தரும்போது கள்ளியை எடுத்துக்கொண்டு போக வேண்டும். என் வகுப்பில் பலப்பத்தைத் திருடிய பிள்ளைகள்கூட டப்பாவில் கள்ளி வைத்துவிட்டுத் திருடினார்கள். கை தானாகச் செய்கிற வேலை அது.

ஹத்தூவின் கையும் அதைத்தான் செய்தது.

3

ஹத்தூ என் பக்கத்து வீட்டுக்காரன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். நாற்பது தேன்பெட்டி வைத்திருக்கிறான். முதல் வரைவில் அவனை வில்லனாக எழுதினேன். மீசையைக்கூட முறுக்கிவிட்டேன். எழுதி முடித்து வாசித்துப் பார்த்தபோது அவன் என் மாணவனாக இருந்த காலத்தில் கணக்குப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்து, மீசையை எடுத்துவிட்டேன்.

உண்மை இதுதான். ஹத்தூவுக்கும் ஈத்தோவுக்கும் பிறந்த முதல் இரண்டு பிள்ளைகளும் பனிக்காலத்தில், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், கழுதை மேலேயே இறந்துபோனார்கள். மூன்றாவது பிறந்ததும் இதிர் என்று பெயர் வைத்தார்கள். உயிரோடு இருப்பவன் என்று அர்த்தம். அடுத்த பனிக்கு முன்னால் பெனி மெல்லால் நகரத்தில், ஆஸ்பத்திரிக்கு நடந்துபோகிற தூரத்தில், ஒரு அறையாவது பிடித்துவிட வேண்டும் என்று ஹத்தூ பித்துப் பிடித்தவன்போல் இருந்தான். அந்த நேரம் பார்த்து மராகேஷ் பக்கத்து ஆள் ஒருவன் வந்து, ஒரு குரங்குக் குட்டி கிடைத்தால் அறைக்கு வழி பண்ணுகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

குரங்கு மேயப் போகும்போது குட்டியை மற்ற குரங்குகளிடம் விட்டுவிட்டுப் போகும். ஆண் குரங்குகள்கூடத் தூக்கி வைத்துக்கொள்ளும். அப்படிப் பாறை நிழலில் விட்டிருந்த குட்டியை ஹத்தூ சாக்கில் போட்டுக்கொண்டான். போட்டதும், யோசிக்காமல், பக்கத்திலிருந்த கள்ளியில் ஒரு துண்டை ஒடித்து, குட்டி கிடந்த இடத்தில் வைத்தான். இறங்கி வந்து பாதி வழியில்தான் தான் என்ன செய்தோம் என்று உறைத்தது என்று என்னிடம் சொன்னான்.

"பழக்க தோஷம் லல்லா. தேன்னு நெனச்சு கை வச்சிருச்சு. திரும்பிப் பாக்கறேன், தாய் வந்து நிக்குது. கத்தல, தொரத்தல. கள்ளிய எடுத்து மோந்து பாத்துச்சு. அப்புறம் நெஞ்சோட அணைச்சுக்கிச்சு. சத்தம் போட்டிருந்தா நான் குட்டிய விட்டிருப்பேன்."

இதை அவன் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னான். (லல்லா என்பது எங்கள் பக்கம் வயதில் மூத்த பெண்களை அழைக்கும் மரியாதைச் சொல்.) முகம் தெரியவில்லை. குட்டி அவன் ஆட்டுக்கொட்டகையில், பழைய தேன் தகரத்துக்குள் இருந்தது. வாங்க வருகிறேன் என்ற ஆள் வரவில்லை. வாரங்கள் போயின.

4

[இங்கே குரங்கின் மனசுக்குள் புகுந்து இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன். குரங்கு என்ன நினைத்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.]

கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். செத்த குட்டியைச் சுமக்கிற குரங்கை நான் பார்த்திருக்கிறேன். பத்துப் பதினைந்து நாளில் குட்டி காய்ந்து, தோலாகி, கையிலிருந்து நழுவிவிடும். தாயும் விட்டுவிடும். ஆனால் ஒடித்த கள்ளி சாகாது. வெட்டுவாயில் பால் உறைந்து மூடிக்கொள்ளும். தண்ணீர் இல்லாமல், மண் இல்லாமல், மாதக்கணக்கில் பச்சையாகவே இருக்கும். இந்தத் தாய்க்கு விடுகிற நாள் வரவே வராது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அதன் மார்பில் முடி உதிர்ந்து தோல் சிவந்திருந்தது. ஆனாலும் துண்டை இறக்கி வைக்கவில்லை. ஜூலையில் சரிவு முழுக்கக் கள்ளி மஞ்சளாகப் பூத்தது. எங்கள் ஊரின் தேன் அந்தப் பூவிலிருந்துதான் வருகிறது, தொண்டையில் இறங்கும்போது மிளகுபோல் எரியும். அந்த வாரம் அதன் மடியிலிருந்த துண்டும் பூத்தது. தேனீக்கள் அதன் மார்புக்கு வந்து மொய்த்தன. குரங்கு அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஒன்றுகூடக் கொட்டவில்லை. தேனீக்கள் நேராகப் பறந்து ஹத்தூவின் பெட்டிகளுக்குப் போயின.

ஊரில் யாரும் இதைப் பற்றி வாய்விட்டுப் பேசவில்லை. ஆனால் இந்த வருடத் தேனை ருசி பார்க்க ஹத்தூ நீட்டிய ரொட்டியை ஒருவரும் வாங்கவில்லை. வயிறு சரியில்லை என்றார்கள், எல்லோருக்கும் ஒரே நாளில்.

5

இப்போது தொட்டிலுக்கு வருகிறோம். (தொட்டில் இல்லை. கோடையில் முற்றத்தில் ஆட்டுத்தோல் விரித்து அதன்மேல்தான் குழந்தையைக் கிடத்துவார்கள். தொட்டில் என்று எழுதினால் உங்களுக்கு உடனே படம் வரும் என்பதால் எழுதினேன்.)

ஒரு முற்பகலில் ஈத்தோ பொது அடுப்புக்கு ரொட்டி சுடப் போனாள். வாசற்கதவைச் சாத்திவிட்டுத்தான் போனாள். கால்மணி நேரத்தில் திரும்பி வந்தபோது இதிர் விரிப்பின்மேல் அப்படியே கிடந்தான். தலைமாட்டில், ஒரு முழம் தள்ளி, ஒரு கள்ளித் துண்டு இருந்தது.

அவள் போட்ட கூச்சலில் நான் ஓடினேன். ஹத்தூ பெட்டிகளை விட்டுவிட்டு ஓடி வந்தான். குழந்தையின் கை, கால், காது, விரல் எல்லாம் எண்ணிப் பார்த்தோம். அரைஞாண் இருந்தது. தாயத்து இருந்தது. வீட்டில் ஒரு கரண்டிகூடக் குறையவில்லை.

"குரங்கு வச்சிருக்குன்னா எதையோ எடுத்திருக்கு. எதை எடுத்துச்சு? சொல்லு. நீ அதுகிட்டேர்ந்து எடுத்தியே, இப்ப அது நம்மகிட்டேர்ந்து எதை எடுத்துச்சு?"

ஈத்தோ ஹத்தூவின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். இதிர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு கிடந்தான். அம்மா அப்படிக் கதறினால் நாலு மாதக் குழந்தை வீறிட்டு அழ வேண்டாமா? அவன் அழவில்லை. அன்று மாலையும் அழவில்லை. மறுநாளும் இல்லை. பசிக்கு அழுவதில்லை, ஈரத்துக்கு அழுவதில்லை. ஈத்தோ கிள்ளிப் பார்த்தாள். முகம் கோணியது, வாய் திறந்தது, சத்தம் மட்டும் வரவில்லை.

பெனி மெல்லாலுக்குத் தூக்கிப் போனார்கள். மருத்துவர் தொண்டையைப் பார்த்தார், காதைப் பார்த்தார், எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். ஆனால் எடை குறைகிறது என்றார். பசி என்று அழுது கேட்காத பிள்ளைக்கு மணி பார்த்துப் பால் கொடுக்கச் சொன்னார். ஈத்தோ கொடுத்தாள். அவன் இரண்டு வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

6

ஹத்தூ குட்டியை வெளியே எடுத்தான். யாரும் சொல்லவில்லை, அவனே எடுத்தான். குட்டி ஆட்டுப்பால் குடித்து எலும்பும் தோலுமாக உயிரோடு இருந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் ஏறினான். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன்.

இந்த இடத்தை நான் ஏழு முறை எழுதினேன். ஆறில் தாய் கள்ளியைப் போட்டுவிட்டுக் குட்டியை வாரி எடுத்துக்கொள்கிறது. ஆறும் நன்றாகத்தான் வந்தன, ஒன்றைப் படித்து நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

நடந்தது ஏழாவது. ஹத்தூ குட்டியைப் பாறையில் விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தான். குட்டி கீச்சிட்டுக்கொண்டே தாயை நோக்கித் தவழ்ந்தது. தாய் அதைப் பார்த்தது, நீண்ட நேரம் பார்த்தது. பிறகு மடியிலிருந்த கள்ளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றி, குட்டி எட்டாத பக்கமாக அணைத்துக்கொண்டு, எழுந்து போய்விட்டது. வேறு ஒரு பெண் குரங்கோ ஆண் குரங்கோ எடுத்துக்கொள்ளும் என்று ஹத்தூ பொழுது சாயும்வரை காத்திருந்தான். கூட்டம் முழுவதும் அதன் பின்னால் போய்விட்டது.

திரும்பி வரும்போது குட்டியை என் வாசலில் இறக்கிவிட்டான்.

"எங்க வீட்டுல வைக்க முடியாது லல்லா. ஈத்தோ பாத்தா செத்துருவா. நீங்கதான் அதப் பத்தி போர்டு எழுதுறீங்களே. நீங்களே வச்சுக்கங்க."

குத்திக் காட்டினானா, உண்மையாகத்தான் சொன்னானா என்று தெரியவில்லை. வாங்கிக்கொண்டேன்.

7

தாவி வந்தவர்களும் நடந்து வந்தவர்களும் இங்கே சேர்ந்துகொள்ளுங்கள்.

கள்ளியை வைத்தவள் நான்.

குரங்கு எங்கள் முற்றத்துக்கு வரவே இல்லை. அது தன் மடியிலிருந்ததை விட்டு ஒரு அடி நகரவில்லை. கொட்டகையில் அந்தக் குட்டி கீச்சிடுவதைச் சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுக்கவில்லை. ஹத்தூவிடம் மூன்று முறை சொன்னேன், தலையாட்டினான், செய்யவில்லை. வனத்துறைக்குச் சொன்னால் அவனைப் பிடித்துப் போவார்கள், இதிருக்கு அறையும் இல்லை அப்பனும் இல்லை. அதனால் ஒரு கதை செய்தேன். கதை செய்வதுதானே எனக்குத் தெரியும்? ஒரு துண்டை ஒடித்து, பால் உறைந்து குழந்தைக்குத் தீங்கு வராதபடி மூன்று நாள் காயவைத்து, ஈத்தோ அடுப்புக்குப் போன நேரம் பார்த்து உள்ளே போய் வைத்தேன். ஹத்தூ பயந்து குட்டியைத் திருப்பிவிடுவான் என்று நினைத்தேன். நினைத்தபடியே நடந்தது. பெருமைப்பட வேண்டிய இடம் இது.

ஆனால் நான் உள்ளே போனபோது இதிர் அழுதுகொண்டிருந்தான்.

தொண்டை கிழிய அழுதுகொண்டிருந்தான். நான் குனிந்து துண்டை வைத்தேன். வைத்த அந்த நொடியில் நின்றுவிட்டது. அழுகை ஓய்ந்து நிற்பதுபோல் இல்லை, யாரோ கையிலிருந்து வாங்கிக்கொண்டதுபோல் நின்றது. அவன் என்னைப் பார்த்தான். நான் வெளியே வந்துவிட்டேன்.

நான் படித்தவள். இலையைப் பிளந்து நரம்பு காட்டியவள். இதெல்லாம் தற்செயல் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதி வைத்திருக்கிறேன், வேண்டுமானால் அனுப்புகிறேன். ஆனால் எங்கள் ஊர்க் கணக்கு எளிமையானது. கள்ளி வைத்தவர் எதையோ எடுத்திருக்கிறார். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் கள்ளியை எடுக்க முடியும். நான் எதை எடுத்தேன் என்று எனக்குத் தெரியாது. வீடு முழுக்கத் தேடிவிட்டேன். இந்தத் தாள்களைத் தவிர என் வீட்டில் புதிதாக ஒன்றும் இல்லை—

இல்லை. அதுவும் பொய். குட்டி இருக்கிறது.

8

முடிவுகள் சில கைவசம் உண்டு.

ஒன்று. தலைநகரான ரபாத்திலிருந்து ஒரு வண்டி வந்து குட்டியைக் காப்பகத்துக்குக் கொண்டுபோகிறது. இதிர் ஒரு தும்மலோடு அழத் தொடங்குகிறான். (வனத்துறை ஆளுக்கு இது பிடிக்கும்.)

இரண்டு. அக்டோபர் மழையில் தாயின் கையிலிருந்த துண்டு வேர்விடுகிறது. அது உட்கார்ந்த இடத்திலேயே

(இதற்கு மேல் எழுதப் பயமாக இருக்கிறது.)

மூன்றாவது முடிவை யோசித்துக்கொண்டிருந்தபோது குட்டி அழத் தொடங்கியது. நேற்று முன்தினம்வரை அது கீச்சிட்டது, குரங்குக் குட்டி எப்படிக் கீச்சிடுமோ அப்படி. நேற்றுக் காலை முதல் அப்படி இல்லை. மூச்சை இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, பிறகு உடைந்து, நடுவே ஒரு விக்கலோடு அழுகிறது. அந்த விக்கலை எனக்குத் தெரியும். நாலு மாதம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டிருக்கிறேன். பால் நனைத்த துணியை வாயில் வைத்தேன். துப்பிவிட்டு அழுதது. ஜன்னலைச் சாத்தினேன். கம்பளியைத் தொங்கவிட்டேன். ஒரே சுவர், எவ்வளவு நேரம் மறைக்க முடியும்?

இப்போது நடுப்பகல். ஈத்தோ என் கதவுக்கு வெளியே நிற்கிறாள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நிற்கிறாள். முதலில் தட்டினாள். பிறகு தட்டவில்லை. கதவிடுக்கில் பார்த்தேன். இதிரை இடுப்பில் வைத்திருக்கிறாள், அவன் தலை துவண்டு தோளில் கிடக்கிறது. அவள் சட்டை மார்பில் இரண்டு பக்கமும் நனைந்திருக்கிறது. உள்ளே குட்டி அழ அழ அந்த ஈரம் பரவுகிறது.

"லல்லா, உள்ள அழறது யாரு?"

குரங்கு என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

"கள்ளிய நீங்கதான் வச்சீங்கன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். கத்தி முடிச்சப்புறம்தான் பாத்தேன், கீழ உங்க துணி ஒண்ண நாலா மடிச்சு வச்சிருந்துச்சு. பிள்ளை மேல பால் பட்டுரக் கூடாதுன்னு பாத்து வச்சிருக்கீங்க. குரங்கு துணி மடிக்குமா? அவர் பயந்தாத்தான் குட்டிய விடுவாருன்னு நானும் வாய மூடிக்கிட்டேன்."

ஈத்தோ, என்னை மன்னித்துவிடு என்றேன். அதை அவள் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"கோவமெல்லாம் இல்ல. எனக்குப் பால் கட்டி உயிர் போகுது. இவன் குடிக்க மாட்டேங்குறான். அங்க ஒண்ணு என் பிள்ளை குரல்ல பசிக்குதுன்னு அழுவுது. கதவத் தெறங்க."

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். திறந்தால் குட்டி பிழைக்கும், அதில் சந்தேகமே இல்லை. இரண்டு மாதமாக வாடிப்போன உயிருக்கு அவள் பால் அமுதம். திறக்காவிட்டால் இன்னும் ஓரிரு நாள்தான். ஆனால் நான் சரிவில் நின்ற அந்தத் தாயைப் பார்த்தவள். கையில் இருப்பதை இறுக்கிக்கொண்டு, எதிரே தவழ்ந்து வந்த சொந்தக் குட்டியை அது பார்த்த பார்வையை எழுத எனக்குச் சொல் கிடைக்கவில்லை, அதனால்தான் ஏழு முறை எழுதினேன். இப்போது கதவிடுக்கில் ஈத்தோ இதிரைக் குனிந்து பார்க்கிறாள்.

தாழ்ப்பாளில் என் ஒரு கை இருக்கிறது, மறுகையால் எழுதுகிறேன். குட்டி அழுகிறது. வெளியே இதிர் கண்ணைத் திறந்து, அந்தக் குரல் வருகிற பக்கம் மெல்லத் தலையைத் திருப்புகிறான். உள்ளே வந்து உட்கார்ந்து பால் கொடுத்து எழும்போது, அவள் எந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவாள், எதை என் மடியில் விட்டுவிட்டுப் போவாள் என்று எனக்குத் தெரியாது. இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. நீங்கள் திற என்றால் திறக்கிறேன்.